ஓபன்வாஸ்: ஐந்து வருடம் ஓட்டிப் பார்த்ததில்

எங்கள் தொழிற்சாலையில் கணினி, நெட்வொர்க் வேலை முழுவதையும் இரண்டே பேர்தான் பார்க்கிறோம். சுமார் 130 கணினிகள், ஐந்தாறு சர்வர்கள், அப்புறம் பிரிண்டர், கேமரா, விரல் ரேகை வைக்கிற கருவி என்று நெட்வொர்க் ஸ்விட்சில் வந்து செருகப்பட்ட எல்லாமே எங்கள் பொறுப்பு. இவற்றில் உள்ள பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடிச் சொல்கிற மென்பொருளை ஸ்கேனர் என்போம். காசு கொடுத்து ஒன்று வாங்க வழியில்லாததால் 2020இல் இலவசமான ஓபன்வாஸ் போட்டேன். 1998இல் தொடங்கிய நெசஸ் என்ற ஸ்கேனர், 2005இல் தன் மூல நிரலை மூடிக்கொண்டபோது அதன் பழைய திறந்த நிரலிலிருந்து கிளைத்தது இது. இப்போது ஜெர்மனியில் உள்ள கிரீன்போன் நிறுவனம் வளர்க்கிறது.

நிறுவப் பொறுமை வேண்டும். எந்தெந்த ஓட்டையை எப்படித் தேடுவது என்கிற சோதனைத் தொகுப்பு முதல்முறை இறங்கி ஏறி முடிய எங்களுக்கு அரை நாள் ஆனது. 4 ஜிபி ரேமில் திணறியது. 8 ஜிபி கொடுத்ததும் சரியாகிவிட்டது.

முதல் வாரமே ஒரு தப்புச் செய்தேன். எந்தெந்தக் கருவி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முதலில் என்மேப் என்ற நெட்வொர்க் ஸ்கேனரை ஓட்டினேன். அது வழக்கமாகப் பிரிண்டர் அச்சு வேலைகளை வாங்கிக்கொள்ளும் வாசலான 9100 போர்ட்டைச் சீண்டாமல் தாண்டிவிடும். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று அந்த விலக்கை நானே எடுத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் கணக்குப் பிரிவிலிருந்து அக்கா கூப்பிட்டார்: “தம்பி, பிரிண்டர் தானா பேப்பரைத் தள்ளுது, வந்து பாருங்க.” போய்ப் பார்த்தால் ஒவ்வொரு தாளின் தலையிலும் ஒரே ஒரு வரி, மீதி வெள்ளை. ஸ்கேனர் அனுப்பிய கேள்விகளை அச்சடிக்க வந்தவை என்று பிரிண்டர் எடுத்துக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து பிரிண்டர்களின் முகவரிகளைத் தனியே ஒதுக்கிவிட்டுத்தான் எந்த ஸ்கேனும்.

முதல் அறிக்கை வந்தபோது இரண்டு நாள் தூக்கம் போனது. பக்கம் பக்கமாகச் சிவப்பு. அதில் பாதிக்கு மேல் நானே வரவழைத்துக்கொண்டது. ஓபன்வாஸ் ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் ஆபத்து மதிப்பெண்ணோடு, ‘இதை எவ்வளவு நம்பலாம்’ என்று ஒரு சதவீதமும் கொடுக்கும். 70க்குக் கீழே இருப்பதை வழக்கமாகக் காட்டாது. நான் எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று அந்த வடிகட்டியை இறக்கிவிட்டேன். சர்வர்களில் ஓடும் டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ்கள் ஓட்டையை அடைத்த பிறகும் மென்பொருளின் பழைய பதிப்பு எண்ணையே வைத்திருக்கும். வெளியிலிருந்து அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்கிற தீர்ப்புக்குப் பல இடங்களில் 30 சதவீதம்தான் நம்பகம். அதே சர்வருக்கு எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து பாதுகாப்பாக உள்ளே நுழையும் வழி) கணக்கு ஒன்று கொடுத்து, உள்ளே போய் நிறுவிய மென்பொருள்களின் பேக்கேஜ் பட்டியலைப் பார்க்கவிட்டால் அது 97 ஆகிறது. பட்டியல் பாதியாகச் சுருங்கியது. வெளியிலிருந்து தெரியாத சில ஓட்டைகள் புதிதாகவும் வந்தன. கணக்குக் கொடுக்காமல் ஸ்கேன் போடுவது வீட்டு வாசலில் நின்றுகொண்டு சமையலறையைப் பற்றிச் சொல்வது மாதிரிதான்.

இந்த ஐந்து வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பலன், நாங்களே மறந்துபோயிருந்த கருவிகளைக் கண்டுபிடித்ததுதான். கிடங்கின் கேமரா பெட்டியில் தூரத்திலிருந்து நுழைய உதவும், மறையாக்கம் இல்லாத பழைய வழியான டெல்நெட் திறந்தே கிடந்தது, பெட்டியோடு வந்த கடவுச்சொல்லும் மாறவில்லை. அதைவிடப் பயந்தது துணி வெட்டும் இயந்திரத்தோடு இணைந்திருந்த ஒரு விண்டோஸ் 7 கணினியைப் பார்த்து. கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி முறையின் பழைய முதல் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்த ஓட்டையை அடைக்க 2017 மார்ச்சில் வந்த பேட்ச் (திருத்தம்) போடப்படவே இல்லை. அதே ஓட்டை வழியாகத்தான் அந்த மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியது. இயந்திரத்தின் மென்பொருள் விண்டோஸ் 10இல் ஓடாது என்று விற்றவர்கள் கைவிரித்தார்கள். பேட்சைப் போட்டுவிட்டு, அந்தக் கணினியைத் தனி விலேனில் (நெட்வொர்க்கிற்குள் பிரித்து வைத்த தனிப் பகுதி) தள்ளி, எஸ்எம்பி பயன்படுத்தும் 445 போர்ட்டை அடைத்து, டிசைன் கோப்பு வருவதற்கு மட்டும் ஒரு வழி விட்டோம். இன்றும் அறிக்கையில் சிவப்பாகத்தான் வருகிறது. அதற்கு ஒரு குறிப்பு எழுதி வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறேன்.

ஓபன்வாஸின் இலவசச் சோதனைத் தொகுப்பில் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் பல பொருட்களுக்கான சோதனைகள் கிடையாது. அவற்றைக் கையால்தான் சரிபார்க்க வேண்டும். இன்னொன்று, ஸ்கேன் போடும் முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினியில் கை வைத்தால் 2000ஆம் ஆண்டு ஐடி சட்டத்தின் 43ஆம் பிரிவு பாயும். எங்கள் மேலாளரிடம் வருடா வருடம் கையெழுத்து வாங்கிவிடுகிறேன்.

இப்போது சனிக்கிழமை இரவு ஸ்கேன், திங்கள் காலை போன வார அறிக்கையோடு ஒப்பீடு. மாறியதை மட்டும் காட்டுவதால் தேநீர் குடித்து முடிப்பதற்குள் படித்துவிடலாம். போன மாதம் அப்படி ஒரே ஒரு புது முகவரி தெரிந்தது. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால், பயிற்சி அறை மேசைக்கு அடியில் யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து செருகிய வைஃபை ரவுட்டர்.