பிரெட்ரிக் கோட்டையில் துவக்கின் வரலாறு: ஒரு வழிகாட்டி நடை பற்றிய மதிப்புரை

திருகோணமலையில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவரும் அவருடைய பழைய மாணவர்கள் சிலரும் சேர்ந்து, முன்பதிவு செய்வோருக்காக வார இறுதிகளில் தமிழிலேயே ஒரு வரலாற்று நடையை நடத்தி வருகிறார்கள். காலையில் பிரெட்ரிக் கோட்டைக்குள் பழைய பீரங்கிகளைப் பார்த்தபடி ஒரு சுற்று, பிறகு நகருக்குள் ஒரு மண்டபத்தில் படங்களுடன் நீண்ட உரை. துப்பாக்கியை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் யார் என்பதே பொருள். போரை வாழ்ந்து கடந்த ஊரில் இதை எடுத்துப் பேசுவது எளிதல்ல. வீரப் புகழ்ச்சியாகவும் போய்விடலாம், வெறும் சாபமாகவும் முடியலாம். இவர்கள் இரண்டுக்கும் இடங்கொடாமல், எந்தச் சிக்கலை யார் எப்படித் தீர்த்தார் என்பதையே பிடித்துக்கொண்டு செல்கிறார்கள். அதற்காகவே இந்த நடையை மனதாரப் பரிந்துரைக்கிறேன். யாருக்கு எவ்வளவு இடம் என்பதில் மட்டும் எனக்கு அவர்களோடு உடன்பாடில்லை.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி கோட்டைக்குள்ளால் செல்வதால், அந்தப் பீரங்கிகளை நாம் எல்லோரும் பார்க்காமலே பல தடவை கடந்திருப்போம். ஆசிரியர் அவற்றுள் ஒன்றின் பின்பக்கத்துக்கு எங்களை அழைத்துச் சென்று, மேற்புறத்தில் சுண்டுவிரல் நுனி அளவே இருக்கும் ஒரு துளையைக் காட்டினார். உப்புக்காற்றில் பொரிந்துபோன இரும்பைத் தடவித்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உள்ளே கிடக்கும் வெடிமருந்துக்கு வெளியிலிருந்து தீ போவதற்கு அந்தத் துளை ஒன்றே வழி. மழையோ கடற்காற்றின் ஈரமோ அந்த இடத்தைத் தொட்டுவிட்டால் அவ்வளவு பெரிய பீரங்கியும் வெறும் இரும்புதான். கையில் தூக்கிச் சுடும் துவக்குக்கும் பல நூற்றாண்டுகளாக இதே கதிதான்; சிக்கிமுக்கிக் கல் பொறி வந்த பின்னும், குழலுக்கு வெளியே ஒரு சிறு கிண்ணியில் மருந்து எரிந்தே உள்ளே தீ போனது.

இந்தத் தடையை உடைத்தவர் ஒரு போர்வீரர் அல்லர், ஸ்கொட்லாந்தின் பெல்ஹெல்வி என்ற ஊரின் கிறிஸ்தவப் போதகர். அலெக்சாண்டர் ஜோன் ஃபோர்சைத் என்ற அவருக்குப் பறவை வேட்டையில் விருப்பம் இருந்தது. கிண்ணியில் தீ மின்னுவதற்கும் குண்டு புறப்படுவதற்கும் இடையே விழும் சிறு இடைவெளியில் பறவைகள் தப்பிவிடுவதைக் கண்ட அவர், நெருப்பே இல்லாமல் அடி விழுந்ததும் வெடிக்கும் இரசாயனப் பொடியைப் பயன்படுத்தும் பொறியை உருவாக்கி, 1807 இல் காப்புரிமை பெற்றார். அந்தப் பொடியை அடைத்த சிறு செம்புத் தொப்பி, உலோக ரவை என்று பின்னால் வந்த அனைத்தும் இந்தக் கருத்தின் மேல் எழுந்தவையே. எங்கள் பக்கத்து வேட்டைக்காரர்கள் வைத்திருந்த இடியன் துவக்கை நினைவில் வைத்திருந்த ஒரு பெரியவர், “அதுக்கு வைக்கிற தொப்பியும் இந்த மனிசன்ர வேலைதானோ, சேர்?” என்று கேட்டார். தொப்பியை உருவாக்கியதற்கு வேறு சிலர் உரிமை கோரியதையும், ஆனால் அடிப்படைக் கருத்து ஃபோர்சைத்துடையது என்பதையும் ஆசிரியர் பொறுமையாக விளக்கினார். முழு நாளிலும் சிறந்த பகுதி இதுவே.

மண்டபத்து உரை சாமுவேல் கொல்ட்டிலிருந்து தொடங்குகிறது. 1836 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற அவருடைய சுழல் துப்பாக்கியைப் பற்றி நமக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கட்லிங் பகுதி சுருக்கமானது என்றாலும் நெஞ்சில் தைக்கிறது: 1862 இல் தம் பல குழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்ற அவர் மருத்துவம் படித்தவர், ஒருவர் பலர் வேலையைச் செய்ய முடிந்தால் படைகள் சிறுத்து, நோயாலும் போராலும் சாவோர் குறைவார்கள் என்று எழுதியவர். அடுத்து ஹைரம் மக்சிம். சுடும்போது தோளில் விழும் பின்னுதைப்பை வீணாக்காமல், அதே விசையால் வெற்றுக்கோதை வெளியேற்றி அடுத்த ரவையை ஏற்றும் இயந்திரத்தை அவர் 1884 அளவில் இலண்டனில் உருவாக்கினார். நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 ரவைகள்.

அதே 1884 இல் பிரான்சில் போல் வியே புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். என் முறைப்பாடு இங்கேதான். உரையில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு படம், அதுவும் மக்சிமுக்கும் ஜெர்மன் ரைபிள் வடிவமைப்பாளர் மௌசருக்கும் நடுவில் ஓடிப்போனது. பழைய கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திண்மக் கழிவாக எஞ்சும். அது குழலை அடைக்கும், புகை சுடுபவரின் கண்ணை மறைத்து அவர் இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும். வியேயின் மருந்து அதை நீக்கியதோடு நில்லாமல், குறைந்த அளவிலேயே கூடிய வேகத்தையும் தந்தது. பிரெஞ்சுப் படையின் 11 மில்லிமீற்றர் ரவை 1886 இன் லெபெல் ரைபிளில் 8 மில்லிமீற்றராகச் சிறுத்தது அதனால்தான். இந்த மருந்து இல்லாவிட்டால் மக்சிமின் பொறிக்கு அத்தனை வலிமை வந்திராது, அமெரிக்க வடிவமைப்பாளர் பிரௌனிங்கின் கைத்துப்பாக்கிகளும் தோன்றியிரா. செல்வாக்கு மிக்கவர் யார் என்று கேட்டால், துப்பாக்கியே செய்யாத இந்த வேதியியலாளரை ஃபோர்சைத்துக்குப் பக்கத்தில் நான் வைப்பேன்.

ஜோன் மோசஸ் பிரௌனிங்குக்குக் கொடுத்த நேரம் தகும். 1855 இல் யூட்டாவின் ஒக்டனில், துப்பாக்கி செய்பவரின் மகனாகப் பிறந்த அவர், 128 காப்புரிமைகளுக்கு உரியவர். குழல்வாயிலிருந்து வெளியேறும் வாயு எதிரே நின்ற புல்லைச் சாய்ப்பதைப் பார்த்து, அந்த வாயுவைக் கொண்டே துப்பாக்கியை இயக்கலாம் என்று அவர் எண்ணிய கதையை ஆசிரியர் ஒரு எளிய கோட்டுப்படத்தால் விளக்கிய விதம், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். 1926 இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், வேலை செய்த தொழிற்சாலையிலேயே பிரௌனிங் இறந்தார். நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த திரீ நொட் திரீ ரைபிளின் பொறியை வடிவமைத்த லீயும் உரையில் வருகிறார், ஆனால் விரைவாக.

கடைசிப் பகுதி, ஏகே-47 துப்பாக்கியை வடிவமைத்த உருசியரான கலாஷ்னிகோவ். மண்டபத்தில் இருந்த அனைவருக்கும் ரி-56 தெரியும். அது அவருடைய வடிவமைப்பை 1956 முதல் சீனா தன் நாட்டில் செய்த வடிவம். படம் திரையில் வந்ததும் பேச்சு அடங்கிவிட்டது. 1941 இல் காயப்பட்டு மருத்துவமனையில் கிடந்தபோது வரையத் தொடங்கிய இளைஞரைப் பற்றியும், சேறும் மணலும் புகுந்தாலும் இயங்குமாறு உறுப்புகளுக்கிடையே அவர் விட்ட தாராளமான இடைவெளியைப் பற்றியும், 2013 இல் இறப்பதற்கு முன் தம் ஆயுதத்தால் போன உயிர்களுக்குத் தாமும் பொறுப்பாளியா என்று உருசியத் திருச்சபைத் தலைவருக்கு எழுதிய கடிதத்தைப் பற்றியும் ஆசிரியர் குரலை உயர்த்தாமல் சொன்னார். அதற்குப் பிறகு கேள்வி நேரத்தை உடனே திறக்காமல் தேநீர் கொடுத்தார்கள். அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

குறைகளும் உண்டு. மண்டபத்தின் பின்வரிசைக்கு ஒலி சரியாக எட்டவில்லை. கையில் தரும் அச்சுத்தாளில் ஆண்டுகள் இருக்கின்றன, பொறி இயங்கும் படங்கள் இல்லை. பிரௌனிங்கின் அந்தக் கோட்டுப்படத்தை மட்டுமாவது அதில் சேர்த்தால் வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆளுக்கு 1,500 ரூபாய், தேநீர் உட்பட, நியாயமான கட்டணம், மாணவர்களுக்கு அரைக்கட்டணம். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். போரில் உறவுகளை இழந்தவர்கள் வருவதாயின், கடைசிப் பகுதியில் என்ன காட்டப்படும் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள், ஒளிக்காமல் சொல்கிறார்கள். கோட்டைக்குள் இராணுவ முகாமும் இருப்பதால், எங்கே படம் எடுக்கலாம் என்பதை வழிகாட்டியிடம் கேட்ட பிறகே கமெராவை எடுங்கள்.