விட்பியரும் அடிப்பிடிக்கும் பாத்திரமும்

பீர் காய்ச்சும் மின்சாரப் பாத்திரத்தின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று லெஸ்டரில் இருக்கும் நண்பர் கேட்டிருக்கிறார். போன வாரம்தான் என்னுடையதில் வெப்பம் மிஞ்சினால் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சை மாற்றினேன். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 35 லிட்டர், உள்ளே மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) போடும் கூடை, அடியில் ஹீட்டர், கீழே பம்ப் என்பதெல்லாம் தெரிந்த கதை. விட்பியர் எனும் பெல்ஜியம் பாணி கோதுமை பீருக்கு இது தாங்குமா என்பதை மட்டும் சொல்கிறேன். (பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச 1963லிருந்து உரிமம் வேண்டாம். ஊரிலிருந்து படிப்பவர்கள் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

விட்பியருக்குப் போடும் தானியத்தில் கிட்டத்தட்ட பாதி, முளைகட்டாத கோதுமை. அதை விட்டுவிட்டுக் காய்ச்சினால் அது விட்பியரே இல்லை. பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் இருந்த கடைசி வெள்ளை பீர் ஆலை 1950களில் மூடிய பிறகு, இளவயதில் அங்கே கூடமாட வேலை செய்த பால்காரர் பியர் செலிஸ் 1960களின் நடுவில் அந்த பீரை மீட்டெடுத்தார். கோதுமை, கொத்தமல்லி விதை, கசப்பு ஆரஞ்சுத் தோல் என்று இன்று நாம் போடுவதெல்லாம் அவர் வழியில் வந்ததுதான். ஆனால் கோதுமைக்கு உமி கிடையாது. ஊறியதும் பசையாகிக் கூடையின் அடியை அடைத்துவிடும். நான் 2.5 கிலோ பில்ஸ்னர் மால்ட், 2 கிலோ கோதுமை அவல், கால் கிலோ ஓட்ஸ் போடுகிறேன். கூடவே கால் கிலோ நெல் உமி. ஊரில் மில் வாசலில் குவிந்து கிடக்கும் அதே உமிதான், இங்கே பாக்கெட்டில் விற்கிறார்கள். அது இருந்தால்தான் தண்ணீர் இறங்கும்.

சரி, அடைப்புக்கு உமி இருக்கிறது. அடிப்பிடிப்பதற்கு என்ன செய்வது? கோதுமையின் நுண்ணிய மாவு கூடையின் ஓட்டை வழியே இறங்கி, ஹீட்டருக்கு நேர் மேலே உள்ள தகட்டில் படிகிறது. தானியம் ஊறி முடிந்து கொதிநிலைக்கு ஏற்றும்போது அது கருகுகிறது. சுவிட்ச் வெட்டிவிடுகிறது. திரையில் 94 வரை வந்த எண் அப்படியே நிற்கும், பிறகு 93, 92 என்று இறங்கும். அதை மறுபடி உயிர்ப்பிக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது தெரியுமா? பாத்திரத்துக்கு அடியில்! உள்ளே 25 லிட்டர் கொதிக்கிற கஷாயத்தை வைத்துக்கொண்டு யார் கவிழ்த்துப் பார்ப்பது? மொத்தத்தையும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, கறுப்புப் படலத்தைச் சுரண்டி எடுத்து, மறுபடி ஊற்ற வேண்டும். ஸ்டவுட் என்ற கறுப்பு பீராக இருந்தால் கருகல் வாடை மறைந்துவிடும். வெளிர் மஞ்சளில் பால் கலந்தது போல இருக்கும் இந்த பீரில் ஒரு துளி புகையும் ஒளியாது. இதை வடிவமைத்தவர்கள் ஒரு தடவையாவது அதில் கோதுமை காய்ச்சிப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. தானியம் ஊறும்போது 45 டிகிரியில் 20 நிமிடம், அப்புறம் 67ல் ஒரு மணி நேரம், கடைசியில் 76 என்று படிப்படியாக ஏற்றுவதை இது பிசகாமல் செய்கிறது. அடுப்பில் அந்த நிதானம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

மல்லியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. லண்டன் ஈஸ்ட் ஹாம் பகுதிக் கடைகளில் கிடைக்கும் நம்மூர் மல்லி, முட்டை வடிவில் வெளிறி இருக்குமே, அதைத்தான் வாங்குங்கள். உருண்டையான பழுப்பு விதையைவிட அதில் எலுமிச்சை மணம் தூக்கல். சாம்பார்ப் பொடிக்கு வறுக்கிற பழக்கத்தில் வறுத்துவிடாதீர்கள். பழைய தூளும் வேண்டாம், வேகவைத்த பன்றி இறைச்சி வாடை வந்துவிடும். 20 லிட்டருக்கு 20 கிராம், உரலில் ஒன்றிரண்டாக இடித்து, அடுப்பை அணைப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால், ஆரஞ்சுத் தோலோடு சேர்த்துப் போட்டால் போதும். அந்த ஆவி எழும் நேரத்தில் வீடு முழுக்க மணக்கும். வையீஸ்ட் 3944 ஈஸ்ட் அதன் மேல் லேசான கிராம்புக் காரத்தை ஏற்றிவிடும். இந்தப் பாத்திரத்தில் நான் எடுத்த நல்ல விட்பியருக்கு நிகராக, கடையில் எத்தனையோ பாட்டில் வாங்கியும் ஒன்றையும் குடித்ததில்லை.

இருந்தும் நண்பருக்கு என் பதில்: வாங்காதே. இந்த விலைக்கும் வேண்டாம். ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரம், தானியத்தைப் போட ஒரு துணிப்பை, நல்ல தெர்மாமீட்டர் போதும். பொத்தானைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்த மாடல் வந்தால் அப்போது பேசலாம். என்னுடையதை விலைக்குத் தருவாயா என்றும் கேட்டிருந்தாய். தரமாட்டேன். புது சுவிட்ச் போட்டாயிற்று, சனிக்கிழமைக்கு உமியும் வாங்கி வைத்துவிட்டேன்.