வேளாண்மையா, தோட்டக்கலையா?

பிளஸ் டூ முடித்த சேலத்துப் பிள்ளைகள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் அல்லாடுகிறார்கள். இரண்டுமே 4 ஆண்டுப் பட்டம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இரண்டும் உண்டு. வெயில் ஆகாதவர்கள் இரண்டையுமே விட்டுவிடலாம்.

இடம்: வேளாண்மைக்குக் கல்லூரிகள் அதிகம், தோட்டக்கலைக்குக் குறைவு.

பாடம்: வேளாண்மையில் நெல், கரும்பு, மண், பூச்சி என்று பரப்பு பெரிது. தோட்டக்கலையில் பழம், காய்கறி, பூ, மலைத்தோட்டப் பயிர்கள். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளிகூடத் தோட்டக்கலைக் கணக்கில்தான் வரும். ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலில் காபி, அதே மரத்தில் மிளகுக்கொடி. நிழலை எவ்வளவு விடுவது, எப்போது கிளை கழிப்பது என்பதே தனிப் படிப்பு.

வேலை: வேளாண்மை அலுவலர் பதவிக்கு வேளாண்மைப் பட்டம், தோட்டக்கலை அலுவலர் பதவிக்குத் தோட்டக்கலைப் பட்டம். வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வை இருவரும் எழுதலாம்.

எந்தத் துறை என்று இன்னும் முடிவாகவில்லையா, வேளாண்மை எடுங்கள். வீட்டில் மாந்தோப்போ காபித் தோட்டமோ இருந்தாலும் சரி, ஒட்டுக் கட்டி நாற்றுப்பண்ணை வைக்கும் எண்ணம் இருந்தாலும் சரி, யோசிக்காமல் தோட்டக்கலைதான்.