காலி ராக்கெட்டைப் பின்தொடர பைனாகுலரா, கேமராவா?

சோவியத் காலத்தில் உருவான செனித் ராக்கெட்டின், எரிபொருள் தீர்ந்து காலியான இரண்டாம் அடுக்குகள் ஒரு டஜனுக்கு மேல் இன்னமும் சுமார் 840 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் எட்டு ஒன்பது டன் எடை. அந்த உயரத்தில் காற்று இல்லை என்றே சொல்லலாம், அதனால் தானாக இறங்கி எரிந்துபோக நூற்றாண்டுகள் ஆகும். எந்தக் கணத்தில் வானில் எந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்து இவற்றைப் பின்தொடர்வதில்தான் என் மாலைகள் பலவும் கழிகின்றன. இதற்காக 10x50 பைனாகுலரும் (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. லென்ஸ்) ஒரு ஸ்டாப்வாட்ச்சும் வாங்கினேன். நண்பர் ஒருவரின் டிஎஸ்எல்ஆர் கேமராவையும் டிரைபாடில் வைத்துப் பார்த்தேன், ஆனால் ஏழெட்டு இரவுகள் மட்டுமே.

விலை, எடை இரண்டும் தெரிந்த கதை. இரண்டுக்குமே அந்தி வேளை வேண்டும்: நமக்கு இருட்டியிருக்க வேண்டும், மேலே ராக்கெட்டின் மீது வெயில் பட வேண்டும். மேகம் வந்தால் இரண்டையும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ரேடாருக்கு அந்தக் கவலை கிடையாது. ஆனால் ரேடாரை மொட்டை மாடியில் வைக்க முடியுமா என்ன!

என்னைப் பொறுத்தவரை எல்லாமே கடிகாரத்தில்தான் இருக்கிறது. இந்த அடுக்கு விநாடிக்கு சுமார் 7.4 கி.மீ. ஓடுகிறது. தலைக்கு நேர் மேலே போகும்போது ஒரே விநாடியில் முழு நிலாவின் அகலத்தைத் தாண்டிவிடும். கேமரா படத்தில் உள்ள நட்சத்திரங்களை வைத்து மென்பொருள் இடத்தை அத்தனை நுணுக்கமாகக் கணித்துத் தரும், சரி. ஆனால் கேமராவின் நேரம் ஒரு விநாடி பிசகினால் அந்த நுணுக்கம் எதற்கு? கேமராவில் விநாடிக்குக் கீழே நேரம் அமைக்க வழியில்லை. அமைத்ததும் நாளுக்கு நாள் நகரும். பட்டனை அழுத்துவதற்கும் ஷட்டர் திறப்பதற்கும் உள்ள இடைவெளி வேறு. ஒவ்வொரு இரவும் இதையெல்லாம் சரிபார்த்தே எனக்கு அலுத்துவிட்டது.

பைனாகுலரில் வேலை எளிது. பாதையில் நெருக்கமான இரண்டு நட்சத்திரங்களை முன்கூட்டியே தேர்ந்துகொள்வேன். ராக்கெட் அவற்றுக்கு நடுவே கடக்கும் கணத்தில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டுவேன். எந்த நட்சத்திரத்துக்கு எவ்வளவு பக்கமாகப் போனது என்பதை மனதில் குறித்துக்கொண்டு, அப்புறம் நிதானமாக ஜிபிஎஸ் நேரம் காட்டும் ஆப்பைப் பார்த்து நிறுத்துவேன். விரல் தாமதம் 0.2 விநாடி என்று வைத்தாலும் பிழை ஒன்றரை கி.மீ. அளவில் நிற்கும். பராமரிப்பு என்றால் லென்ஸைத் துடைப்பது மட்டும்தான்.

இன்னொரு லாபமும் உண்டு. சில அடுக்குகள் உருண்டபடி போகும். மின்னும், மங்கும், மறுபடி மின்னும். பத்து மின்னலுக்கு எவ்வளவு நேரம் என்று எடுத்துப் பத்தால் வகுத்தால் ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி கையில், எவ்வளவு வேகமாக உருள்கிறது என்பதற்கு அதுவே துப்பு. இதற்குக் கடிகாரம் சரியான நேரம் காட்டக்கூடத் தேவையில்லை. வெளியாகும் சுற்றுப்பாதை எண்களில் இந்தத் தகவல் இருக்காது. பின்னாளில் ஒருவர் போய் அதைப் பிடித்து இறக்க நினைத்தால் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

கேமராவை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. படம் ஆதாரமாக நிற்கும். நான் சொல்லும் நேரத்தை நம்பித்தான் ஆக வேண்டும். மங்கலாகத் தெரியும் விண்குப்பைத் துண்டுகளுக்கு இரண்டில் எது மேல் என்று சொல்லும் அளவுக்கு நான் கேமராவோடு பழகவில்லை. ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஜிபிஎஸ் நேரத்தைப் பதிக்கும் வீடியோ கேமரா வைத்திருப்பவர்களுக்கு என் கடிகாரப் புகார் எதுவும் பொருந்தாது. அதை நான் தொட்டதே இல்லை.