ஜூனியர் லீக்கா, கல்லூரி அணியா?

கனடாவில் வளரும் எங்கள் பேரனின் ஐஸ் ஹாக்கி எதிர்காலம், செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீட்டு வளவில் (முற்றத்தில்) பேச்சாகிவிட்டது. இளம் வீரர்களுக்கான ஜூனியர் லீக்குகளில் ஒன்றான ஒண்டாரியோ ஹாக்கி லீக்கில், செப்டம்பர் முதல் மார்ச் வரையிலான பருவத்தில் ஓர் அணி 68 ஆட்டங்கள் ஆடுகிறது. பதினாறு வயதிலேயே பெற்றோரைப் பிரிந்து, அணி ஏற்பாடு செய்யும் வேறொரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, நெடுந்தூரப் பேருந்துப் பயணங்களுக்கு நடுவே பள்ளிப் பாடத்தையும் படிக்க வேண்டியிருக்கும். அந்நாளில் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போனவர்கள் பினாங்குக் கிட்டங்கியில் (வணிகர்கள் கூடித் தங்கிய கிடங்கு வீட்டில்) தங்கியதைப் போலத்தான் என்கிறார் ஆயா (பாட்டி).

அமெரிக்கக் கல்லூரி அணிக்கு ஏறத்தாழ அதில் பாதி ஆட்டங்களே. அவையும் பெரும்பாலும் வார இறுதியில் நடப்பதால், படிப்புக்கும் உடற்பயிற்சிக்கும் நேரம் கிடைக்கிறது. முன்பு ஒண்டாரியோ லீக்கில் ஆடியவருக்குக் கல்லூரி ஹாக்கியின் கதவு அடைபட்டிருந்தது; 2025 ஆகஸ்டு முதல் அத்தடை விலகிவிட்டதால், முதலில் லீக், பிறகு கல்லூரி என்பதே என் கட்சி.