கோபால்ட் ஸ்பினல் என்று என் தலையில் கட்டிய கல்

தங்கச்சியின் கல்யாணத்துக்கு ஒரு மோதிரம் செய்து கொடுக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். நீலக்கல் எல்லோரும் போடுகிறார்கள், நாங்கள் வேறு ஏதாவது பார்ப்போம் என்று நினைத்தேன். அந்த ‘வேறு ஏதாவது’ 185,000 ரூபாயை விழுங்கிவிட்டது. நான் மட்டும் ஏமாந்திருந்தால் வெட்கத்தில் வாயைத் திறந்திருக்க மாட்டேன். போன மாதம் வெள்ளவத்தையில் தெரிந்த ஒருவர் அதே மாதிரிக் கல்லை, அதே மாதிரிக் கதையோடு வாங்கி வந்து என்னிடம் பெருமையாகக் காட்டினார். அதனால்தான் எழுதுகிறேன்.

புறக்கோட்டை, செட்டியார் தெருவிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கை, மேல்மாடி அறை. பெயர்ப்பலகை கிடையாது. தெரிந்தவருக்குத் தெரிந்தவர் கூட்டிப் போனார். வியாபாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், பிளேன்டீ எல்லாம் வந்தது. தாளைப் பிரித்து 2 கரட்டுக்குச் சற்று மேலான ஒரு கல்லை வைத்தார். அப்படி ஒரு நீலம். கோபால்ட் என்ற உலோகத்தால் நிறம் வந்த ஸ்பினல் என்றார், ஸ்பினல் என்பது நீலக்கல்லிலிருந்து வேறான ஒரு இரத்தினக்கல். பக்கத்தில் இன்னொரு கல், அதுவும் ஸ்பினல்தான், ஆனால் சாம்பல் கலந்த மங்கல் நீலம்.

“தம்பி, அந்த லைட்டை ஒருக்கா நிப்பாட்டுங்க.”

யூ.வி. (புற ஊதா) டோர்ச்சை அடித்தார். மங்கல் கல் இருட்டோடு இருட்டாகக் கிடந்தது. மற்றது கங்கு மாதிரிச் சிவப்பாக எரிந்தது. “கோபால்ட் இருந்தாத்தான் இப்படி எரியும். மத்தது இரும்பு நிறம், எரியாது.” பிறகு செல்சி பில்டரை, கல் பார்க்கும் ஒரு நிறக் கண்ணாடியை, கண்ணில் வைக்கச் சொன்னார். அதற்குள்ளாலும் சிவப்பு.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மனுசனின் கெட்டித்தனமே அதுதான்.

நான் ஏன் உடனே நம்பினேன் என்றால், அதற்கு அம்மம்மாவின் தோடு காரணம். அதில் இரண்டு இளஞ்சிவப்பு ஸ்பினல், இரத்தினபுரியில் வாங்கியது. காசுத்தாள் பார்க்கும் விளக்கின் கீழ் அதை ஒருநாள் விளையாட்டாகப் பிடித்தபோது சிவப்பாக ஒளிர்ந்தது. ஏன் என்று அப்போதே தேடிப் படித்தேன். சுத்தமான ஸ்பினலில் மக்னீசியம், அலுமினியம், ஒட்சிசன் மட்டும்தான், நிறமே இருக்காது. அலுமினியத்தின் இடத்தில் துளி குரோமியம் புகுந்தால் இளஞ்சிவப்பு, இன்னும் கொஞ்சம் கூடினால் சிவப்பு. ஒளிர்வும் அதே குரோமியத்தின் வேலைதான், 685 நானோமீட்டரை ஒட்டி வரும். பிரித்தானிய முடியில் ‘கறுப்பு இளவரசனின் மாணிக்கம்’ என்று பெயர் வாங்கிய கல்லும் உண்மையில் ஒரு சிவப்பு ஸ்பினல்தான். இதையெல்லாம் படித்த தலையில் கடைசியில் தங்கியது ஒன்றே ஒன்று: எரிந்தால் நல்ல கல். அரைகுறைப் படிப்பின் பலன்.

நீலத்தின் கணக்கு வேறு. இரும்பு சேர்ந்தால் சாம்பல் நீலமும் ஊதாவும் வரும். ஆனால் இரும்பு ஒளிர்வை அணைத்துவிடும். கோபால்ட் பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே போதும், பளிச்சென்ற நீலம், கூடவே சிவப்பு ஒளிர்வு. இங்கேதான் கோட்டை விட்டேன். மண்ணில் விளையும் கோபால்ட் ஸ்பினலில் கோபால்ட் தனியாக வருவதில்லை, இரும்பையும் கூட்டிக்கொண்டுதான் வரும். அதனால் இயற்கைக் கல் எரிந்தாலும் பெரும்பாலும் அடங்கித்தான் எரியும். தொழிற்சாலைக் கல்லில் தூளோடு கோபால்ட்டை மட்டும் கலந்து சுவாலையில் உருக்கி எடுக்கிறார்கள். மாணிக்கத்துக்காக வெர்னுய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902இல் வெளியிட்ட அதே முறைதான். அதில் ஒளிர்வை அணைக்க இரும்பு இல்லை. எனக்கு அத்தாட்சியாகக் காட்டிய அந்தக் கங்குதான் கல் செயற்கை என்பதற்கு முதல் அடையாளம்.

எனக்கு இது விளங்கியது பத்தர் சொன்ன பிறகுதான். மோதிரம் கட்டக் கொடுத்தபோது லென்ஸில் நெடுநேரம் பார்த்தார். “தம்பி, கல் கண்ணாடி மாதிரிச் சுத்தமா இருக்கு. கட்ட முதல் ஒருக்கா செக் பண்ணிப் பாருங்கோ” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

ஆய்வுகூடச் சோதனையில் ஒளிவிலகல் எண் 1.728 வந்தது. இயற்கை ஸ்பினலுக்கு வழக்கமாக 1.718. சுவாலையில் உருக்கும்போது அலுமினா (அலுமினிய ஒட்சைட்டு) அளவுக்கு மிஞ்சிச் சேர்வதால் எண் ஏறுகிறதாம். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஏனென்றால் நம் நாட்டில் துத்தநாகம் கலந்த இயற்கை ஸ்பினலும் உண்டு, அதன் எண்ணும் கூடத்தான் வரும். அதனால் ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். கோபால்ட்டின் மூன்று பட்டைகளும் இருந்தன. இரும்பு இருந்தால் 458 நானோமீட்டரில் விழ வேண்டிய கறுப்புப் பட்டை இல்லை. இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவில் வைத்துத் திருப்பியபோது, இருட்டாகவே இருக்க வேண்டிய கல்லுக்குள் பூனையின் வரி மாதிரி நிழல்கள் ஓடின. இவ்வளவும் சேர்ந்த பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லை.

திரும்பப் போனேன். அதே அறை, அதே பிளேன்டீ. அறிக்கையை வாசித்துவிட்டுச் சிரித்தார். “கோபால்ட் இருக்கு எண்டுதானே தம்பி நான் சொன்னேன்? இதுலயும் கோபால்ட் எண்டுதானே போட்டிருக்கு?” பில்லை எடுத்துப் பார்த்தேன். ‘நீல ஸ்பினல் 1’ என்றுதான் இருந்தது. செயற்கையாகச் செய்தாலும் அது ஸ்பினல்தானே. ‘இயற்கை’ என்ற சொல் அவர் வாயிலும் வரவில்லை, பில்லிலும் இல்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

சரி, விலையாவது என்னை உறுத்தியிருக்க வேண்டும். அந்த நிறத்தில், அந்த எடையில், இயற்கையான கோபால்ட் ஸ்பினல் அந்தக் காசுக்குக் கிடைக்கவே கிடைக்காது. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

டோர்ச்சையும் பில்டரையும் காட்டி யாராவது விற்க வந்தால், பார்த்துவிட்டுக் கல்லைக் கீழே வைத்துவிடுங்கள். காசு கொடுக்க முதல் ஆய்வுகூட அறிக்கை வேண்டும் என்று சொல்லுங்கள். தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகாரசபையிலும் கல்லைச் சோதித்துத் தருகிறார்கள். பில்லில் ‘இயற்கை’ என்று எழுதி வாங்குங்கள். அறிக்கையோடு திரும்பப் போன அன்று வியாபாரியிடமிருந்து புறப்படும்போது, இன்னொரு கல் எடுப்பதுபோல் பேச்சுக்கொடுத்து, “இதுக்கு இயற்கை எண்டு எழுதித் தருவீங்களா?” என்று கேட்டுப் பார்த்தேன். பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, எனக்கு இன்னொரு தேத்தண்ணி சொன்னார்.

கல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் யாராவது கல் வாங்க இருந்தால் கேளுங்கள், கொண்டுவந்து காட்டுகிறேன். டோர்ச்சும் வாங்கி வைத்திருக்கிறேன்.