என்புமச்சைக்கு ஆள் பிடித்துத் தருவதாகச் சொல்லி வருகிறவரிடம் காசு கொடுக்காதீர்கள்

திருகோணமலை உறவுகளே, இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். வீட்டில் யாருக்காவது இரத்தப் புற்றுநோய் என்றால் கட்டாயம் வாசியுங்கள்.

போன வருடம் என் தம்பிக்கு ஏஎம்எல் என்ற இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. வேகமாக முற்றுகிற வகை. வயது 31. மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோ கொடுத்து நோயை அடக்கினார்கள். இது திரும்பி வரக்கூடியது, அடங்கியிருக்கும்போதே வேறொருவரின் என்புமச்சையை மாற்றுவது நல்லது என்றார் டொக்டர். எனக்கும் தங்கச்சிக்கும் எச்எல்ஏ பொருத்தம் பார்த்தார்கள். அது கலங்களின் மேல் இருக்கும் அடையாளங்கள், இரத்த வகை இல்லை. கூடப்பிறந்தவர் ஒருவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான். தங்கச்சிக்கு ஒன்றுமே பொருந்தவில்லை. எனக்குப் பாதி.

பாதி என்றதுமே நாங்கள் உடைந்துபோனோம். பாதிப் பொருத்தத்திலும் இப்போது மாற்றுகிறார்கள் என்று டொக்டர் அப்போதே சொன்னார், அது எங்கள் காதில் ஏறவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் அந்த ஆள் வந்தார்.

தெரிந்த ஒருவர் மூலமாகத்தான் வந்தார். மரியாதையான பேச்சு. அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, “தங்கச்சி, திருச்சியில் ஒரு பெடியன் இருக்கிறான். அவனும் ஓ பொசிட்டிவ், உங்கட தம்பியும் ஓ பொசிட்டிவ். அச்சாப் பொருத்தம்” என்றார். இரத்த வகை ஒன்று என்றால் மச்சையும் பொருந்தும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். தம்பியின் ரிப்போர்ட்டில் ஒரு போட்டோக்கொப்பி வாங்கிக்கொண்டு போனார்.

பத்து நாளில் அந்தப் பெடியனின் ரிப்போர்ட் என்று ஒரு தாள் வட்ஸ்அப்பில் வந்தது. தம்பியின் பத்து எச்எல்ஏ இலக்கங்களும் அப்படியே இருந்தன. குசினி நிலத்தில் இருந்து அழுதேன். அம்மாவின் காப்பு நாலும் அடகுக் கடைக்குப் போயின, சீட்டுக் காசையும் சேர்த்து 4 லட்சத்து 50 ஆயிரம் கொடுத்தோம். ரசீது கேட்டதற்கு, “உயிர்க் காரியத்துக்கு ரசீதா தங்கச்சி?” என்றார். கேட்டதே தப்பு என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம் சாட்டுகள். பெடியனுக்குக் காய்ச்சல். அவனுடைய தாய் சம்மதிக்கவில்லை. கடைசியில், முள்ளந்தண்டில் ஊசி போட்டு எடுப்பதால் பயப்படுகிறான், இன்னும் 3 லட்சம் கொடுத்தால் வருவான் என்றார். ஆறு வாரம் இப்படியே ஓடியது.

அந்த 3 லட்சத்துக்கு யாரிடம் கேட்பது என்று யோசித்தபடி ஒரு இரவு இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தம்பியின் ரிப்போர்ட் வந்த அன்று அம்மா அதைப் பத்திரகாளி அம்மன் கோவிலுக்குக் கொண்டுபோய் வைத்து எடுத்திருந்தா. வலது ஓரத்தில் அவவின் பெருவிரல் குங்குமம் பட்டிருந்தது. போட்டோக்கொப்பியில் அது சாம்பல் நிறத்தில் ஒரு விரல் தடமாக விழுந்திருந்தது. திருச்சிப் பெடியனின் தாளிலும் அதே இடத்தில் அதே தடம். பெயரையும் வயதையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இலக்கங்கள் ஏன் பொருந்தாது? என் தம்பியை என் தம்பியோடுதானே பொருத்திப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் காட்டினேன். அவர் முதலில் கேட்டது, “இது எப்படி உங்கள் கைக்கு வந்தது?” என்றுதான். அப்போதுதான் விளங்கியது. வெளி ஆளின் மச்சை வேண்டுமென்றால் மாற்றுகிற ஆஸ்பத்திரிதான், கொடுக்க முன்வந்தவர்களின் பதிவகங்களில் தேடும். உலகம் முழுக்க 4 கோடிக்கு மேற்பட்டவர்கள் பதிந்திருக்கிறார்கள், சென்னையில் 2009 முதல் தாத்ரி என்ற பதிவகம் இருக்கிறது. கொடுக்கிறவர்கள் சும்மாதான் கொடுக்கிறார்கள். அவர் யார் என்று நோயாளியின் வீட்டுக்குத் தொடக்கத்தில் சொல்லவே மாட்டார்கள். பரிசோதனைக்கும் கொண்டுவருவதற்கும் செலவு உண்டு, சின்னச் செலவும் இல்லை, ஆனால் அது ஆஸ்பத்திரிக் கணக்கில்தான் வரும். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துக் காசு கேட்க யாருக்கும் அங்கே இடமில்லை.

அந்த ஆறு வாரத்துக்குள் தம்பியின் இரத்தத்தில் நோய்க் கலங்கள் திரும்பவும் தெரிந்தன. நேரத்துக்கு மாற்றியிருந்தால் வந்திருக்காது என்று யாராலும் அறுதியாகச் சொல்ல முடியாதாம். எனக்கு அது ஆறுதலாக இல்லை. இன்னொரு சுற்றுக் கீமோவை அவன் தாங்க வேண்டி வந்தது.

கடைசியில் சென்னையில் கொடுத்தது நான்தான், அந்தப் பாதிப் பொருத்தத்தோடு. முள்ளந்தண்டு ஒன்றும் இல்லை. மச்சைக் கலங்கள் இரத்தத்துக்குள் வருவதற்கு ஐந்து நாள் ஊசி போட்டார்கள், இடுப்பெலும்பு உளைந்தது, பனடோல் போட்டேன். பிறகு இரண்டு கையிலும் ஊசி ஏற்றி அந்தக் கலங்களைப் பிரித்தெடுக்கிற மெசினோடு ஐந்து மணித்தியாலம் படுத்திருந்தேன், அவ்வளவுதான். சிலருக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பில் இருந்து எடுப்பார்கள், அதுவும் முள்ளந்தண்டு இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பி பொசிட்டிவ். இப்போது தம்பியின் இரத்தமும் பி பொசிட்டிவ். மாற்றியபின் கொடுத்தவரின் வகைக்கு மாறிவிடுமாம். ஒரே இரத்த வகை என்று சொல்லித்தான் எங்களிடம் 4 லட்சத்து 50 ஆயிரம் வாங்கினார்கள்.

தம்பிக்கு நூறு நாள் தாண்டிவிட்டது. தோலில் தடிப்பு வருகிறது, என்னுடைய கலங்கள் அவன் உடம்போடு சண்டை பிடிப்பதாம், அதற்கும் மருந்து எடுக்கிறான். பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். அந்த ஆளின் நம்பர் வேலை செய்யவில்லை, காசு வரவில்லை.

உப்புவெளிப் பக்கம் ஒரு வீட்டில், பிள்ளைக்கு ஆள் இருக்கிறது என்று யாரோ பேசிவிட்டுப் போனதாகப் போன கிழமை கேள்விப்பட்டேன். எந்த வீடு என்று சரியாகத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் இந்தப் பதிவை அவர்களுக்குக் காட்டுங்கள். காசு கொடுக்க முதல் எனக்கு ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்கள். அவர் கொடுத்த தாளை நானே வந்து பார்க்கிறேன்.